தெர்மகோலில் ஒட்டும் சமூக சேவை

ஜனவரி பிறந்துவிட்டால் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் வட்டாரங்களில் உள்ள நோட்டுப் புத்தகக் கடைகளில் மாலை நேரத்தில் நிற்க இடம் கிடைப்பதில்லை. சார்ட் பேப்பர், தெர்மகோல், கோந்து, ஜிகினா, வண்ணப் பேனா என்று வியாபாரம் பறக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் ‘பிராஜெக்ட்’ ஒப்படைக்க வேண்டிய நேரம் அது. "மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் அந்தப் படம் போட்ட அட்டையைக் கடைக்காரர் எடுத்துப் போடுகிறார். போதை ஒழிப்பு, மரம் வளர்ப்பு, பெண் கல்வி எல்லாம் ஒரே விலைதான். எழுதிக் கொடுப்பதற்கும் ஆள் உண்டு. சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுத்தால், அட்டை போட்டு, ஓரக்கோடு கிழித்து, நன்றியுரை முதல் முடிவுரை வரை எழுதி முடித்த நோட்டே கைக்கு வந்துவிடுகிறது.

பணம் இல்லாத வீட்டில் என்ன நடக்கிறது? இரண்டாவது ஷிப்டு முடித்துவிட்டு வந்த தகப்பனார், இரவு பதினொரு மணிக்கு மேல் தரையில் உட்கார்ந்து தெர்மகோலை பிளேடால் அறுக்கிறார். தாயார் பசை தடவுகிறார். பிள்ளை தூங்கிவிடுகிறது. காலையில் சர்ச்கேட் வண்டியில் அந்த மாதிரி வீடு நசுங்காமல் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் குடும்பம் முழுவதற்கும் கவலை.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. 2018-ல் மஹாராஷ்டிர அரசு தெர்மகோல் தட்டு, கிண்ணங்களுக்குத் தடை விதித்தது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவோம் என்ற பிராஜெக்டோ இன்றும் தெர்மகோல் மீதுதான் ஒட்டப்படுகிறது!

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. "செய்து கொண்டு வா" என்று சொல்லும் பள்ளி, எதை, எப்போது, யாரிடம் கேட்டு, எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு வகுப்பில் அறுபது, எழுபது பேரை வைத்துக்கொண்டு ஆசிரியர்தான் என்ன செய்வார்? அட்டையைப் பார்த்து மார்க் போடுகிறார். அட்டை அழகாக இருந்தால் மார்க்கும் அழகாக இருக்கிறது.

வார்தாவில் தொடங்கியது

பள்ளிப் படிப்பை முடிக்கும் முன் ஒரு பிள்ளை தன்னைச் சுற்றியுள்ள மக்களுக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்து பழக வேண்டும் என்பது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனை அல்ல. இதே மஹாராஷ்டிரத்தில், வார்தாவில், 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் உயிர்நாடியே அதுதான். கையால் செய்யும் தொழில், தாய்மொழி, சுற்றியுள்ள வாழ்க்கை, இந்த மூன்றின் வழியாகப் படிப்பு வர வேண்டும் என்றார் அவர். அந்தத் திட்டத்தைச் சேவாகிராமத்தில் இருந்து பல ஆண்டுகள் நடத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஈ.டபிள்யூ. ஆரியநாயகம். மும்பைத் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சுதந்திரத்துக்குப் பிறகு, 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரி கமிஷன், ‘வேலை அனுபவ’மும் சமூகத் தொண்டும் பள்ளிப் படிப்பின் அங்கமாக வேண்டும் என்று எழுதியது. 1977-ல் ஈஸ்வர்பாய் பட்டேல் குழு அதற்கு ‘சமூகத்துக்குப் பயன்தரும் உற்பத்தி வேலை’ என்று பெயர் சூட்டியது. எஸ்.யு.பி.டபிள்யு. என்று நாலெழுத்தில் அது டைம்டேபிளில் ஏறியது. நாலெழுத்துக்கு மாணவர்கள் வேறு விரிவுரை கண்டுபிடித்தார்கள்: ‘பயனுள்ள சில பீரியடுகள் வீண்’. நாடு முழுவதும் பரவிய கேலி இது. மெழுகுவர்த்தி செய்வதும் கைக்குட்டையில் பூ வேலை செய்வதுமாகப் பீரியடு கழிந்தால் கேலி பிறக்காமல் என்ன செய்யும்?

மஹாராஷ்டிரத்தில் 2020-ஐ ஒட்டி 9, 10-ஆம் வகுப்புகளுக்கு ‘நீர்ப் பாதுகாப்பு’ என்ற பாடம் வந்தது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குச் சுற்றுச்சூழல் பாடத்தில் பிராஜெக்ட் வந்தது. ஆக, சட்டத்தில் குறையில்லை. தண்ணீரைப் பற்றிப் படி, சுற்றுப்புறத்தைப் பார், எழுது என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அதிகாலை நாலு மணிக்குக் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண், எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போய் நீர்ப் பாதுகாப்புக்காக நயாகரா நீர்வீழ்ச்சியின் படத்தை ஒட்டுகிறாள். அவள் நின்ற குழாயடி அவள் நோட்டில் இல்லை!

யாருடைய பிராஜெக்டில் யார்?

இதே நகரத்தில் இன்னொரு வகைப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆண்டுக்குப் பல லட்ச ரூபாய் கட்டணம் வாங்கும் சர்வதேசப் பள்ளிகள். அவற்றில் ‘ஐ.பி. டிப்ளமா’ படிக்கும் பிள்ளைகள் கணக்கு, விஞ்ஞானத்தோடு, ஏறத்தாழ 18 மாத காலம் கலை, உடலுழைப்பு, தொண்டு ஆகிய மூன்றிலும் ஈடுபட்டதாகக் காட்ட வேண்டும். குறைந்தது ஒரு மாதமாவது நீடிக்கும் ஒரு கூட்டு வேலையைத் திட்டமிட்டு நடத்த வேண்டும். செய்யாவிட்டால் டிப்ளமா கிடையாது. மார்க் இல்லை, ஆனால் அதைச் செய்யாமல் தப்பவும் முடியாது. திட்டம் போட்டது எப்படி, எங்கே தடங்கல் வந்தது, என்ன கற்றுக்கொண்டாய் என்று எழுதித் தர வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிக்கு மனுப்போடும்போது அந்த அனுபவம் பக்கபலமாக நிற்கிறது.

அந்தத் தொண்டு எங்கே நடக்கிறது? மும்பையில் அதற்குத் தாராவியைவிட வசதியான இடம் உண்டா? ஏ.சி. பஸ்ஸில் வந்து இறங்கி, சந்துக்குள் நடந்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் மனப்பூர்வமாக உழைப்பவர்கள் உண்டு. அவர்களைப் பழிப்பது நியாயமல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள். பெரிய வீட்டுப் பிள்ளையின் பிராஜெக்டில் தாராவித் தமிழ்ப் பிள்ளை ஒரு பாத்திரம். தமிழ்ப் பிள்ளையின் பிராஜெக்டிலோ தாராவி இல்லை, நயாகராதான் இருக்கிறது. வெளியாள் பஸ் ஏறி வந்து தேடும் ‘சமூகம்’ இந்தப் பிள்ளைக்கு வாசற்படியிலேயே இருக்கிறது. எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்தப் பாட்டிக்குக் கண் தெரியாது, எந்தக் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்பதெல்லாம் இவனுக்குத் தெரியும். தெரிந்ததை எழுதினால் படிப்பு என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

இந்தக் குறை பத்தாவதோடு நிற்கும் பிள்ளைகளைத்தான் அதிகம் பாதிக்கிறது. கல்லூரிக்குப் போகிறவனுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்து சான்றிதழ் பெறலாம். பத்தாவது முடித்ததும் கூரியர் கம்பெனிக்கோ, ஏ.சி. மெக்கானிக் கடைக்கோ போகிறவன் கையில் ஒரு மார்க் ஷீட் மட்டுமே. நாலு பேரிடம் பேசி, தகவல் திரட்டி, கணக்குப் போட்டு, ஒரு வேலையை முடித்துக் காட்டினேன் என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

ஒரு டிரம் போதும்

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சந்தில் வாசலுக்கு வாசல் நிற்கும் நீல டிரம் ஒன்றே போதும்.

மும்பை மாநகராட்சி ஏழு ஏரிகளிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறது. விஹார் ஏரித் தண்ணீர் நகருக்கு வந்தது 1860-ல். தான்சா ஏரித் தண்ணீர் 1892-ல். இன்று நாள் ஒன்றுக்கு 380 கோடி லிட்டருக்கு மேல் நகரத்துக்குள் வருகிறது. வந்தும், குடிசைப் பகுதிகளில் குழாய் திறப்பது ஒரு மணி, இரண்டு மணி நேரம். ஆகவே டிரம். டிரம் இருந்தால் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாகப் பறக்க வெயில் காலத்தில் எட்டு, பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து காய வையுங்கள் என்று மாநகராட்சிப் பூச்சி ஒழிப்பு இலாகாவினர் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீடு வீடாக வந்து சொல்கிறார்கள்.

மக்கள் ஏன் செய்வதில்லை? "சொன்னால் கேட்கிற ஜனங்களா இவர்கள்?" என்று சலித்துக்கொள்வது எளிது. ஒரு பத்தாம் வகுப்புப் பெண் தன் சந்தில் முப்பது வீடுகளில் கேட்டுப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும். இன்று டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, நாளை குழாயில் தண்ணீர் குறைந்தால் உலை வைப்பது எப்படி? அந்தப் பயம்தான் காரணம். அலட்சியம் அல்ல. காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். இரண்டு டிரம் உள்ள வீட்டில் முறை வைத்து ஒன்றை மட்டும் காலி செய்யலாம். முதல் நாள் அந்தத் தண்ணீரைத் துணி துவைக்கவும் வாசல் கழுவவும் செலவழித்துவிடலாம். காலி செய்தால் மட்டும் போதாது. முட்டை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் இல்லாமல் பல மாதம் தாங்கும். ஆகவே தேங்காய் நாராலோ பிரஷாலோ உள்சுவரைத் தேய்க்க வேண்டும். ஒரே டிரம் உள்ள வீட்டில் நெருக்கமான துணியை இழுத்துக் கட்ட வேண்டும். இடைவெளி விட்டுப் போட்ட மூடியால் பயனில்லை.

இதைச் சார்ட்டில் எழுதி மாட்டினால் அது பழைய கதைதான். ஒவ்வொரு ஞாயிறும் அந்த முப்பது வீட்டுக்குப் போய், எத்தனை டிரம், எத்தனைக்கு மூடி, எதில் புழு நெளிகிறது, கடைசியாகத் தேய்த்தது எப்போது என்று நாலு பத்தி போட்டுக் குறித்துக்கொண்டு வந்தால், அது வேலை. எட்டு வாரம் குறித்தால் ஒரு கணக்கு கிடைக்கும். புழு குறைந்திருந்தால் சந்துக்கு லாபம். குறையாவிட்டால் ‘குறையவில்லை’ என்றே எழுத வேண்டும். அப்படி எழுதியவனுக்கு மார்க் குறைக்காத ஆசிரியர் வேண்டும்! ‘இதனால் கொசு முற்றிலும் ஒழிந்தது’ என்று முடியும் நோட்டை எந்த ஆசிரியரும் நம்பக் கூடாது.

டிரம்தான் என்று இல்லை. தாராவியில் விடிவதற்கு முன் எழுந்து இட்லி அவித்து, தலையில் சுமந்து நகரமெங்கும் விற்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். அரிசி, உளுந்து, காஸ், சட்னி, ரயில் பாஸ் எல்லாம் போக ஓர் இட்லியில் என்ன மிஞ்சுகிறது என்று அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மாதம் கணக்கு எழுதினால், எந்த வணிகவியல் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. ரயில் பாதை ஓரத்தில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு வேறு விஷயம் உண்டு. மும்பை புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள்; தண்டவாளத்தைக் கடப்பதுதான் முதல் காரணம். நடைமேம்பாலத்தின் மீது பத்திரமாக நின்றுகொண்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் பாலம் ஏறினார்கள், எத்தனை பேர் கீழே குறுக்கே போனார்கள், எந்த இடத்தில் சுவர் உடைந்திருக்கிறது என்று எண்ணலாம். பிள்ளை கீழே இறங்கக் கூடாது. அதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

ஜூனில் தொடங்க வேண்டும்

"பரீட்சை வருடத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம்? டியூஷனுக்கே நேரம் போதவில்லை" என்பார்கள் பெற்றோர். ஜனவரியில் தொடங்கினால் உண்மைதான். மஹாராஷ்டிரத்தில் பள்ளி திறப்பது ஜூன் நடுவில். மழையும் அப்போதுதான் தொடங்குகிறது. ஜூன் மாதத்துக்குள் விஷயத்தையும் சந்தையும் முடிவு செய்துவிட்டால், ஜூலை, ஆகஸ்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கு ஒன்றரை மணி நேரம். தீபாவளி விடுமுறையில் எழுதிவிடலாம். டிசம்பரில் ஒப்படைத்துவிட்டு, ஜனவரி ‘பிரிலிம்’ பரீட்சைக்கு நிம்மதியாகப் படிக்கலாம். தெர்மகோலுக்காக ஜனவரியில் தூக்கம் கெடுவதைவிட இது மலிவு. செலவு ஒரு நூறு பக்க நோட்டும் ஒரு பேனாவும்தான்.

பிள்ளைகள் கையில் நோட்டைக் கொடுத்து அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை தேவை. தாராவியில் 2024-ல் புனரமைப்புக்கான சர்வே தொடங்கியதிலிருந்து, யாராவது நோட்டோடு வாசலில் நின்றால் மக்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன் இருந்ததற்குக் காகிதம் உண்டா, இல்லையா என்பதில்தான் வீடு கிடைப்பதே தொங்குகிறது என்று பயந்திருப்பவர்கள், கேள்வி கேட்கும் பிள்ளையைச் சந்தேகப்பட்டால் அது அவர்கள் தவறல்ல. ஆகவே பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்று பிள்ளை கையில் இருக்க வேண்டும். நோட்டில் பெயர் எழுதக் கூடாது. ஆதார் நம்பர், ரேஷன் கார்டு நம்பர் எதையும் தொடவே கூடாது. வீடு 1, வீடு 2 என்று போட்டால் போதும். போட்டோ எடுப்பதாக இருந்தால் டிரம்மை மட்டும் எடுக்கட்டும். பெண் பிள்ளைகள் தனியாகப் போக வேண்டாம். இருவர், மூவராகச் சேர்ந்து பகலில் போகட்டும்.

சந்தில் தமிழர் மட்டும் இல்லையே என்ற கேள்வியும் வரும். இல்லைதான். பக்கத்தில் மராட்டிக்காரர், எதிரே உத்தரப் பிரதேசத்தார், அடுத்து கன்னடக்காரர். அது தடை ஆகாது. "மாவ்ஷி" என்று கூப்பிட்டு மராட்டியில் கேட்கவும், "சாச்சி" என்று கூப்பிட்டு இந்தியில் கேட்கவும், "அக்கா, அத்தை" என்று தமிழில் கேட்கவும் மும்பையில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும். மூன்று மொழியில் கேட்டு ஒரு மொழியில் எழுதும் இந்தத் திறமைக்குப் பள்ளியில் எந்தப் பாடத்திலும் மார்க் கிடையாது. இந்த வேலையில் மட்டும் அதற்கு உபயோகம் இருக்கிறது.

"ஊராருக்கு உழைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்கும் தகப்பனார்களும் உண்டு. திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து, தோல் கிடங்கிலும் துறைமுகத்திலும் முதுகு ஒடிந்தவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. பிள்ளை நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் நாற்காலி வேலைதான் என்ன? கேட்பது, குறிப்பது, கூட்டிப் போடுவது, அறிக்கை எழுதுவது. எந்த அலுவலகத்திலும் குமாஸ்தா செய்வது அதைத்தான். முப்பது வீட்டு டிரம் கணக்கை எட்டு வாரம் பிசகாமல் எழுதிய பெண் எந்த ஆபீஸ் ரிஜிஸ்தரையும் எழுதுவாள்.

தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் இதில் கொஞ்சம் அக்கறை காட்டலாம். பத்தாவதில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்குப் பொன்னாடை, கேடயம், தலைவர் பேச்சு என்று ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். நல்லது. அந்த விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஜூன் மாதமே பத்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஓய்வுபெற்ற கிளார்க், ஆசிரியர், நர்ஸ் என்று ஆளுக்கொரு பெரியவரைத் துணைக்குப் போடலாமே? ஓய்வுபெற்ற குமாஸ்தாக்களுக்கு இந்நகரில் பஞ்சமில்லை. காலையில் பூங்காவில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு ரிஜிஸ்தர் எழுதத் தெரியும். விழா மேடையில் தலைவர் பேச்சைப் பத்து நிமிடம் குறைத்து, ஒரு பெண் தன் சந்தின் டிரம் கணக்கைப் படிக்கட்டும். அவள் படிப்பதை அந்தச் சந்துக்காரர்களே முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். தவறாகச் சொன்னால் எழுந்து திருத்த வேண்டும். வெளியாள் எழுதும் எந்த அறிக்கைக்கும் இப்படிப்பட்ட பரிசோதனை கிடையாது.

எழுதி முடித்த அறிக்கைக்கு மூன்று பிரதி எடுக்க வேண்டும். ஒன்று பள்ளிக்கு. ஒன்று சந்தில், எல்லோரும் பார்க்கும் கோவில் சுவரிலோ மன்ற வாசலிலோ. மூன்றாவதை மாநகராட்சி வார்டு ஆபீசில் கொடுக்க வேண்டும். தாராவிக்காரர்களுக்கு அது ஜி-வடக்கு வார்டு. பெயர்கள் இல்லாமல், எண்ணிக்கைகள் மட்டும் கொண்ட இரண்டு பக்கம் போதும். கொடுக்கும்போது கையில் இன்னொரு நகலும் இருக்கட்டும். அதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும்.